ஒரே அச்சில் இரண்டு கழுதைகள்

சனிக்கிழமை காலைத் தபாலில் ஒரு சிறிய அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் நான்கு பிளாஸ்டர் வில்லைகளும் ஒரு கடிதமும் இருந்தன. ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இறந்துபோயிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. இருபத்தோரு வருடங்களுக்கு முன், மெண்டே நகரத்துப் பழைய வெள்ளிக் காசுகளைப் பற்றி ஒரு நூல் எழுதப்போவதாகச் சொல்லி, அந்தக் காசு வைத்திருந்த எல்லோரிடமும் பிளாஸ்டர் பிரதி கேட்டிருந்தார். நூல் எழுதி முடியவில்லை. இப்போது அவர் மகள் பிரதிகளை அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கிரேக்கத்தில் எங்கள் ஊரான தெசலோனிகியிலிருந்து போனவை இரண்டு காசுகளின் பிரதிகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஸ்டெர்யோஸுடையது. காசின் முகத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று நான்கு வில்லைகள். ஸ்டெர்யோஸ் பல் டாக்டர். பல்லுக்கு அளவெடுக்கும் மாவில் அவன்தான் அவற்றைச் செய்தான். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதியது நான். என் கையெழுத்து அப்படியே இருந்தது.

சும்மா ஒரு சந்தோஷத்துக்காகத்தான் என் காசைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய புகைப்படத்தை இன்றைய முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது போல.

கழுதையின் முதுகில் மதுக் கடவுள் தியோனிசோஸ் சாய்ந்து படுத்திருக்கிறார். கையில் கிண்ணம். கழுதை தலை குனிந்து போகிறது. அதன் காதுக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு மேடு. அச்சில் விழுந்த விரிசல் அது. ஸ்டெர்யோஸின் காசிலும் அதே விரிசல் உண்டு. இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை. இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்குப் பிறகு ஒரே ஊரில் இரண்டு நண்பர்களிடம் வந்து சேர்ந்த சகோதரர்கள் என்று காசு சேகரிப்பவர்களான எங்கள் வட்டத்தில் சொல்வார்கள்.

படம் பொருந்தியது. விளிம்பு பொருந்தவில்லை.

பிரதியில், கழுதையின் வயிற்றுக்குக் கீழே விளிம்பு கொஞ்சம் தட்டையாக இருந்தது. என் கையிலிருந்த காசில் அந்த இடம் வளைவாக இருந்தது. அதற்கு மாறாக, கடவுளின் முழங்கைக்கு மேலே நகக்கண் அளவு ஒரு பிளவு. வெள்ளி வில்லை சம்மட்டி அடியில் வெடித்த பிளவு. லென்ஸை எடுத்தேன். விளக்கை இழுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பிறகு ஸ்டெர்யோஸ் என்று எழுதியிருந்த பிரதியை எடுத்து வைத்தேன். முழங்கைக்கு மேலே, அதே இடத்தில், அதே அளவில் பிளவு.

தேவாலயத்துக்கு ரொட்டி சுடுகிறவர்களுக்கு இது தெரியும். ஒரே மர முத்திரையைத்தான் எல்லா மாவு உருண்டையிலும் அழுத்துகிறார்கள். எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனால் எந்த இரண்டு ரொட்டியும் விளிம்பில் ஒரே மாதிரி வெடிப்பதில்லை. காசும் அப்படித்தான். அச்சு ஒன்றாக இருக்கலாம், விளிம்பு ஒன்றாக இருக்க முடியாது.

என் கையில் இருந்தது ஸ்டெர்யோஸின் காசு.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். எழுந்தும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் நின்றேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டெர்யோஸ் கண்காட்சிக்குக் கொடுத்த காசு போலி என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. அப்படியானால் அந்தப் போலி யாருடையது என்பதை என் மனம் கணக்குப் போட மறுத்தது. மறுத்தாலும் விடை ஒன்றுதான்.

எங்கள் வட்டம் ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை கூடும். அங்காடிச் சந்து ஒன்றில் இருக்கும் காப்பிக் கடை. கடைக்காரர் எங்களுக்கென்று மூலையில் ஒரு மேஜை வைத்திருக்கிறார். அதன்மேல் பச்சைக் கம்பளித் துணி விரித்த ஒரு தட்டு. காசைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. ஒருவர் தட்டில் வைப்பார், அடுத்தவர் தட்டிலிருந்து எடுப்பார். ஒரு நேரத்தில் ஒருவருடைய காசுதான் தட்டில் இருக்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதை மீறுகிறவனோடு யாரும் உட்கார மாட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஒரு முறை மீறினோம். இரண்டாயிரமாவது ஆண்டு, புனித டிமிட்ரியோஸ் திருநாள். நகரமே கொடி கட்டியிருந்தது. ஸ்டெர்யோஸ் வீட்டில் மதிய விருந்து. வந்திருந்தவர்களுக்கு அந்த விரிசலைக் காட்ட வேண்டும் என்று இரண்டு கழுதைகளையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவன் மனைவி டோம்னா அத்திப்பழ இனிப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது தட்டு இடிபட்டது. காசுகள் இரண்டும் துணியில் வழுக்கி ஒன்றையொன்று தொட்டு நின்றன. நான் எடுக்கப் போனேன். ஸ்டெர்யோஸ் என் கையைத் தட்டிவிட்டான்.

“விடுடா. என் கழுதையை எனக்குத் தெரியாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான். மிஞ்சியதை நான் எடுத்துக்கொண்டேன். எடை போட வேண்டும் என்றோ பழைய புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும் என்றோ எங்களுக்குத் தோன்றவில்லை. ஒப்பிட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. குறிப்பேட்டில் அழகாக இருக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் புகைப்படத்தைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டித்தான் ஒட்டுவோம். விளிம்பை நாங்களே வெட்டி எறிந்திருந்தோம். அரசாங்கப் பதிவுக்காக அதிகாரிகள் வந்து படம் எடுத்தது அதற்கும் மூன்று வருடம் கழித்து. மாறிய காசுகள் மாறிய பெயர்களிலேயே பதிவாயின.

இரண்டு வருடங்களுக்கு முன் கண்காட்சிக்காரர்கள் ஸ்டெர்யோஸின் காசைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. பழைய வெள்ளியில் துளி ஈயமும் துளி தங்கமும் இல்லாமல் இருக்காது. இதில் இரண்டும் இல்லை. யாரோ ஒரு நல்ல காசிலிருந்து அச்செடுத்து நம் காலத்தில் அடித்தது. அதனால்தான் விரிசல்கூட அப்படியே விழுந்திருக்கிறது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் சகோதரன் இன்னொருவரிடம் இருக்கிறதாமே என்று என்னைத் தேடி வந்தார்கள். என் காசு தேறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் பெயரோடு ஆறு மாதம் இருந்தது. திறப்பு விழாவுக்கு நான் புதிய கோட்டு தைத்துக்கொண்டேன்.

ஸ்டெர்யோஸின் காசு அலெக்சாந்திரியாவில் அவன் மாமா வாங்கி, சாகும்போது அவன் கையில் கொடுத்தது. அதைப் போலி என்று நம்ப யாருக்கும் மனம் வரவில்லை. வேறொன்றை நம்புவது எளிதாக இருந்தது. எங்கள் செயலாளர் ஹரிலாவோஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெர்யோஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், புகாட்சா என்ற இனிப்புப் பணியாரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே சொன்னார்.

“அவ்வளவு கண்ணு உள்ள மனுஷனுக்கு இது போலின்னு தெரியாமலா இருந்திருக்கும்? நிஜத்தை வெளிநாட்டுல தள்ளிட்டான். கண்ணாடிப் பெட்டியில பொம்மையை வைக்கப் பார்த்தான்.”

ஸ்டெர்யோஸ் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. என்னைப் பார்த்தான். நான் என் காப்பியைப் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு அவன் வரவில்லை. புதிதாக வரும் காசுகளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் நாற்காலி அவனுடையது. ஜன்னல் ஓரம், வடக்கு வெளிச்சம் விழும் இடம். ஒரு மாதம் காலியாக இருந்தது. பிறகு ஹரிலாவோஸ் என்னை அதில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

ஹரிலாவோஸ் சொன்னதை நான் நம்பினேனா? இந்த இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. நம்பவில்லை என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்குக் காப்பிக் கடைக்குப் போக வேண்டியவன், ஸ்டெர்யோஸ் குடியிருக்கும் கலமரியாவுக்குப் பேருந்தில் ஏறினேன். சட்டையின் உள்பையில் காசு. மடியில் அட்டைப் பெட்டி. ஸ்டெர்யோஸ் வீடு நான்காவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. டோம்னா கதவைத் திறந்தாள். மூச்சு வாங்க நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாலு மாடி ஏறினீங்களா? போதாது. இன்னும் நாலு இருந்திருக்கணும்.”

உள்ளேயிருந்து யார் என்று ஸ்டெர்யோஸ் கேட்டான்.

“உங்க நாற்காலியில உக்காந்திருக்கிறவரு” என்றாள்.

அவன் பால்கனியை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினான். நான் உட்கார்ந்தேன். கீழே கடல் சாம்பல் நிறமாக அசையாமல் கிடந்தது. ஆரஞ்சைப் பிளந்து பாதியை என் பக்கம் வைத்தான். நான் தின்னவில்லை. பெட்டியைத் திறந்து நான்கு வில்லைகளையும் பெயர் தெரியும்படி கவிழ்த்து வரிசையாக வைத்தேன். பிறகு காசை எடுத்து மேஜைத் துணியில் வைத்தேன். சனிக்கிழமை முழுவதும் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. விளிம்பைப் பார் என்று மட்டும் சொன்னேன்.

அவன் பிரதிகளைத் திருப்பினான். லென்ஸ் கேட்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் முழங்கைக்கு மேலேயிருந்த பிளவைத் தடவினான். தன் பெயர் எழுதிய பிரதியில் ஒரு முறை, காசில் ஒரு முறை. மறுபடி பிரதியில். ஆரஞ்சுச் சாறு பிளாஸ்டரில் பட்டு மஞ்சளாக ஊறியது. அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன். நான் வந்ததே அதைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். உன் மாமாவின் காசு நல்ல காசு, நீ எதையும் விற்கவில்லை, உன்மேல் விழுந்த பழி என்னுடைய போலியால் விழுந்தது. இதையெல்லாம் நான் சொல்லாமலே அவன் வாசித்துவிட்டான். ஆனால் அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

“டிமிட்ரியோஸ் திருநாள்” என்றான்.

நான் தலையசைத்தேன்.

“நான்தானே எடுத்தேன். உன் கையைத் தட்டிவிட்டு நான்தானே எடுத்தேன்.”

டோம்னா ஈரக் கைகளோடு வந்து நின்றாள். அவளுக்கு நான் விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவள் துண்டை மேஜைமேல் எறிந்தாள். இரண்டு வருடமாகத் தன் கணவன் ரொட்டி வாங்கக்கூட அங்காடிப் பக்கம் போவதில்லை என்றாள். ஹரிலாவோஸின் மனைவி தேவாலயத்தில் தன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் மெழுகுவத்தி ஏற்றுகிறாள் என்றாள். இன்றைக்கே, இந்த நிமிஷமே போய் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லத்தான் போகிறேன் என்றேன்.

“சொல்லாதே” என்றான் ஸ்டெர்யோஸ்.

டோம்னா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தே பேசினான்.

“அவங்க என்னைத் திருடன்னு நினைக்கறாங்க. நினைச்சுக்கட்டும். திருடனுக்குக் கண்ணாவது இருக்கு. பதினேழு வருஷம், அனெஸ்டி. தினமும் காலையில கையில எடுத்துப் பார்த்தேன். மாமாவோட காசு, மாமாவோட காசுன்னு பார்த்தேன். மாறினது எனக்குத் தெரியலை. இதை அவங்ககிட்ட சொல்லப் போறியா?”

அப்போது என் உடம்பில் ஒன்று நடந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். தோள் இரண்டும் இறங்கின. மூச்சு எளிதாக வந்தது. அவனே வேண்டாம் என்கிறான். நான் பேருந்து ஏறிப் போய் வடக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். விளிம்பு பொருந்தவில்லை என்று கண்டதைவிட, ஸ்டெர்யோஸ் சொன்னதைவிட, இந்த நிம்மதிதான் என்னை உலுக்கியது. நாற்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நான். என்னை ஒரு தடவைகூட ஒழுங்காக வாசிக்கவில்லை என்று அந்த மேஜையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

டோம்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாசித்துவிட்டாள்.

ஸ்டெர்யோஸ் அங்கியின் பையில் கைவிட்டு மற்ற காசை எடுத்தான். போலி. அது தன் பையில் இருப்பதை அவன் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. போலி என்று தெரிந்த பிறகும் இரண்டு வருடம் உடம்போடு வைத்திருந்திருக்கிறான். நல்ல காசுக்குப் பக்கத்தில் அதை வைத்தான். இரண்டு கழுதைகள் பதினேழு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரே துணியில்.

“டோம்னா, அந்தத் துண்டை எடு. என் கண்ணைக் கட்டு.”

அவள் தயங்கினாள்.

“கட்டுடி. முப்பத்தெட்டு வருஷம் கண்ணுக்கு எட்டாத இடத்துல விரலை விட்டு வேலை பார்த்தவன் நான். கண்ணு ஏமாந்திருக்கும். கை ஏமாறாது.”

அவள் பின்னால் நின்று கட்டினாள். காசுகளை இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னான். வைத்தேன். முதலில் வலப்பக்கத்துக் காசை எடுத்தான். விரல் நுனிகளுக்கு நடுவில் மெல்லச் சுற்றினான். கீழே வைத்தான். இடப்பக்கத்துக் காசை எடுத்தான். சுற்றத் தொடங்கியதுமே கை நின்றது. உள்ளங்கையில் போட்டு மூடிக்கொண்டான். அவன் தோள் தளர்வதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டவனைப் போல.

“இதுதான். மாமாவோடது. சரியா?”

டோம்னா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லுங்கள் என்ற கெஞ்சல். அவன் மூடியிருந்தது போலியை.

என் வாய் திறக்கவில்லை. கீழே யாரோ வண்டியைக் கிளப்பிப் போனார்கள். ஸ்டெர்யோஸ் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கட்டியிருந்த துண்டுக்குக் கீழே அவன் உதடு மட்டும் ஒரு முறை அசைந்தது. பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவனே கட்டை அவிழ்த்தான். கையிலிருந்ததைப் பார்க்காமலே மேஜைத் துணியில் வைத்தான். துண்டை என்னிடம் நீட்டினான்.

“இப்ப நீ.”

நான் கட்டிக்கொண்டேன். இரண்டையும் தொட்டேன். ஒன்றைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கைக்கு மேலேயிருக்கும் அந்தச் சின்னப் பிளவு என் கட்டைவிரலுக்கு அவ்வளவு பழக்கம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து திரும்பி வந்த அன்று இதைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். இதுதான் என்னுடையது என்று என் கை சொன்னது. சனிக்கிழமை முழுவதும் நான் கண்டுபிடித்த உண்மை எதுவும் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. துண்டை அவிழ்த்தபோது ஸ்டெர்யோஸ் சிரித்துக்கொண்டிருந்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. பல் பிடுங்கி முடித்த பிறகு நோயாளிக்குக் காட்டுவானே, அந்தச் சிரிப்பு.

“கோட்டை எடு, டோம்னா” என்றான். “இதைப் பார்த்தப்புறம் ஒளிச்சு வைக்க எங்கிட்ட என்ன இருக்கு?”

நாங்கள் இருவரும் பேருந்தில் ஏறினோம். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். போலி அவன் பையிலும் நல்லது என் பையிலும் இருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று இருவருக்கும் தோன்றியிருக்கும். இருவரும் செய்யவில்லை. இறங்குவதற்கு முன் ஒன்று மட்டும் சொன்னான்: நான் பேச மாட்டேன், நீதான் பேச வேண்டும்.

பன்னிரண்டரை ஆகியிருந்தது. மூலை மேஜையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னல் ஓர நாற்காலி எனக்காகக் காலியாக இருந்தது. ஸ்டெர்யோஸைப் பார்த்ததும் ஹரிலாவோஸின் கத்தி புகாட்சாவில் பாதியில் நின்றது. தட்டில் யாருடைய காசோ இருந்தது. அதன் சொந்தக்காரர் அவசரமாக எடுத்துக்கொண்டார். நான் உட்காரவில்லை. என் பையிலிருந்த காசைத் தட்டில் வைத்தேன். ஸ்டெர்யோஸ் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டு பேருடைய காசு ஒரே தட்டில். யாரோ இருமினார்கள். பிரதிகளை ஒவ்வொன்றின் முன்னாலும் வைத்தேன்.

ஸ்டெர்யோஸ் வைத்த காசைத் தொட்டுச் சொன்னேன்:

“இந்தப் போலி என்னோடது. கண்ணாடிப் பெட்டியில என் பேர்ல இருந்தது இவனோடது. பதினேழு வருஷமா மாறிக் கிடந்தது. ரெண்டு பேருக்கும் தெரியலை.”

திருநாள் விருந்தைச் சொன்னேன். வட்டமாக வெட்டிய புகைப்படங்களைச் சொன்னேன். கண்ணைக் கட்டிப் பார்த்ததையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டாம் என்று ஸ்டெர்யோஸ் தடுக்கவில்லை. ஹரிலாவோஸ் லென்ஸை எடுத்துக் குனிந்தார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். விளிம்பை மட்டும் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த மேஜையில் யாரும் அப்படி விளிம்பைப் பார்த்து நான் கண்டதில்லை. நிமிர்ந்த ஒவ்வொருவரும் தன் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

ஹரிலாவோஸ் கடைசியாக நிமிர்ந்தார். அவர் முகம் சாம்பலாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்வரை வந்ததைப் பார்த்தேன். வெளியே வரவில்லை. எழுந்து ஜன்னல் ஓர நாற்காலியை ஸ்டெர்யோஸுக்காகப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டெர்யோஸ் அதைப் பார்த்தான். உட்காரவில்லை.

“காசை எடுத்துக்க, டாக்டர்” என்றார் ஹரிலாவோஸ்.

ஸ்டெர்யோஸின் கை தட்டை நோக்கிப் போனது. நேராகப் போலியை நோக்கி. விரல்கள் அதைத் தொட்டும்விட்டன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை அங்கேயே நின்றது. பிறகு அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் காசை எடுத்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சாலை கடக்கக் கைபிடிப்பது போல, இறுக்கமில்லாமல் எடுத்தான்.

தட்டில் என் காசு மட்டும் கிடந்தது. அதை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.